ஏழு நாள் கற்கண்டு

சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொண்டாட்டம். எங்களுக்குக் கால்விரல் இடுக்கில் புண். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் எனக்குப் போலீஸ் டூட்டி. விசில் ஊத வேண்டும், பாறையில் ஏறுகிறவளை இறக்க வேண்டும், ஷாம்பு பாக்கெட்டைப் பிடுங்க வேண்டும், “போதும், வெளிய வாங்கம்மா, அடுத்தவங்க நிக்காங்க” என்று நாள் முழுக்கக் கத்த வேண்டும். வீட்டுக்கு வரும்போது தொண்டையில் குரல் இருக்காது. மிஞ்சியிருக்கிற கொஞ்சமும் மகள்மேல் எரிந்து விழுவதற்குத்தான் சரியாக இருக்கும்.

மகள் வள்ளித்தாய், நான்காம் வகுப்பு. என் மாமியார் பெயர். அவள் அப்பா பாண்டிராஜ் ராணுவத்தில், அஸ்ஸாம் பக்கம். நான் டூட்டியில் இருக்கும்போது இலஞ்சியில் பக்கத்து வீட்டுச் சுந்தரி அக்காதான் அவளைப் பார்த்துக்கொள்கிறாள். அக்கா மட்டும் இல்லையென்றால் இந்தக் காக்கிச் சட்டையை நான் என்றைக்கோ கழற்றியிருப்பேன்.

வள்ளியின் அறிவியல் டீச்சர் அலிமா மிஸ் ஒரு தாள் கொடுத்துவிட்டிருந்தார். சமையலறையில் வீட்டாரோடு சேர்ந்து செய்யும் சோதனைகள். மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் விட்டால் சிவப்பாகும். சோடா உப்பில் எலுமிச்சை பிழிந்தால் பொங்கும். இரண்டையும் அவள் சுந்தரி அக்காவோடு செய்து முடித்துவிட்டாள். நான் பார்த்தது அடுப்பு மேடையில் காய்ந்து கிடந்த கறையைத்தான். “ஏட்டி, இதத் தொடச்சா கொறஞ்சா போயிருவ?” என்று ஏசினேன்.

மூன்றாவதை எனக்காகவே தேடி எடுத்திருந்தாள்.

“எம்மா, இதுல ஒனக்கு வேலையே இல்ல. சீனித் தண்ணில நூலத் தொங்கவிட்டுட்டு ஏழு நாள் பாக்கணும். சும்மா நின்னு பாத்தா போதும். நீ அங்கனயும் அதத்தான செய்யுத?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஓய்வு கிடைத்தது. கொதிக்கிற தண்ணீரில் இதற்குமேல் கரையாது என்கிறவரை சீனியைப் போட்டுக் கலக்கினோம். கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, பென்சிலில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டோம். அவளுடைய யூனிஃபார்ம் பாவாடையை நான் தைக்கிற நீல நூல். தண்ணீர் வற்ற வற்ற நூலில் கற்கண்டு விளையுமாம். தினமும் மாலை ஏழு மணிக்கு வீட்டுப் பெரியவர் ஒருவரோடு பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். அன்று ஏழு மணிக்கு இரண்டு பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தோம்.

“தெனமும் வந்துருவியாம்மா?”

“வந்துருவேன்.”

சத்தியம் கேட்டிருந்தால் அதையும் செய்திருப்பேன். அவ்வளவு அசதி.

திங்கட்கிழமை மாற்று ஆள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் ஒரு குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு அலறியது. அந்த அம்மா வந்து சேரும்வரை அதை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு நின்றேன். அப்போது மணி ஏழு. அதற்குப் பிறகு மூன்று நாளும் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. கூட்டம், விசில், ஈரம். நான் வரும்போது வள்ளி தூங்கியிருப்பாள். அலமாரியில் தம்ளர் இருக்கும். நூல் மொட்டையாகத் தொங்கும்.

விளையவில்லை. எப்படி விளையும்? சாரல் காற்றில் அப்பளம் நமத்துப்போகிறது, தீக்குச்சி பற்ற மாட்டேன் என்கிறது, காக்கிச் சட்டையை இஸ்திரிப் பெட்டி வைத்துத்தான் காயவைக்கிறேன். தம்ளர் தண்ணீர் மட்டும் வற்றிவிடுமா? அந்தத் தாளை அச்சடித்தவர் வெயில் அடிக்கிற ஊர்க்காரராக இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஐந்தருவிக் கடையில் ஒரு பொட்டலம் கற்கண்டு வாங்கினேன். கூட இருந்து பார்க்கத்தான் முடியவில்லை, முடிவையாவது நன்றாகக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும், டூட்டிக்குக் கிளம்புமுன், ஒரு கட்டியை எடுத்து நூலில் கட்டப் பார்த்தேன். பாகு ஏறிய நூல் வழுக்கியது. நேரமாகிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு வேறு நூலில் கட்டி, கரைந்துவிடுமோ என்று பாகு தொடாமல் மேலே நிற்கிற மாதிரி தொங்கவிட்டேன். வள்ளி விழித்ததும் குதிப்பாள் என்று வண்டி ஓட்டிய வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

மதியம் மலையில் பெருமழை. அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கியது. ஆட்களையெல்லாம் வெளியேற்றித் தடுப்பை வைத்தோம். குளிக்கத் தடை என்றதும் சீக்கிரமே எங்களையும் விட்டார்கள். ஆறரைக்கு நான் வீட்டில் நின்றேன்.

வள்ளி தம்ளருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். குதிக்கவில்லை.

“எம்மா, இது கடைக் கல்கண்டு.”

“யாரு சொன்னா?”

“நூலு வெள்ளையா இருக்கு. நான் போட்டது நீலம்.”

போலீஸ்காரி விட்ட தடயம். அகப்பட்டுக்கொண்டவர்கள் என்னிடம் எப்படிச் சத்தம் போடுவார்களோ, அப்படியே நானும் போட்டேன். “இருந்துட்டுப் போவுது! வெளஞ்சிருக்குன்னு எழுதிட்டுப் போயேன். மிஸ் வந்து நூலயா பாக்கப் போறாங்க?”

“இல்லாதத எழுதக் கூடாதுன்னு மிஸ் சொல்லிருக்காங்க.” நோட்டை நீட்டினாள். “நீ கையெழுத்து மட்டும் போடு.”

கட்டம் போட்டு எழுதியிருந்தாள். நாள். கண்டது. உடனிருந்தவர். ‘கண்டது’ கட்டத்தில் ஆறு நாளும், ‘மாற்றம் இல்லை’. ‘உடனிருந்தவர்’ கட்டத்தில் ஆறு நாளும், ‘அம்மா’. ஏழாம் நாளுக்குக் கண்டதை இன்னும் எழுதவில்லை. பக்கத்தில் ‘அம்மா’ மட்டும் முன்கூட்டியே எழுதியிருந்தது.

“இல்லாதத எழுதக் கூடாதுன்ன?”

தலை குனிந்துகொண்டாள். “அஞ்சு நாளும் சுந்தரி பெரியம்மா பேர எழுதினா மிஸ் ஒன்ன ஸ்கூலுக்கு வரச் சொல்லுவாங்க. ஒனக்குத்தான் லீவு கெடைக்காதுல்லா. அதான்.”

என் கண் கலங்கியதை அவள் பார்க்கவில்லை. ஒரு கட்டிக் கற்கண்டுக்கு வராத வெட்கம் அந்த ஒற்றை வார்த்தையைப் பார்த்ததும் வந்தது. என் பிள்ளை எனக்காகப் பொய்ச் சாட்சி எழுதியிருக்கிறாள்.

வெள்ளை நூலை அவிழ்த்துக் கற்கண்டை அவள் கையில் கொடுத்தேன். நீல நூலை மறுபடி தொங்கவிட்டாள். ஈர உடுப்போடு பக்கத்தில் உட்கார்ந்தேன். உடம்பு அப்படியே சாய்ந்துவிடப் பார்த்தது, சுவரில் முதுகைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். ஏழு அடித்தது. இரண்டு பேரும் பார்த்தோம். மொட்டை நூல்தான். ‘மாற்றம் இல்லை’ என்று எழுதினாள்.

பேனாவை வாங்கி, இரண்டாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை ‘அம்மா’வை ஒவ்வொன்றாக அடித்தேன். பக்கத்தில் ‘வரவில்லை’ என்று எழுதினேன். முதல் நாளும் கடைசி நாளும் அப்படியே இருந்தன. கீழே சங்கரேஸ்வரி என்று கையெழுத்துப் போட்டேன்.

வள்ளி பதறிப்போனாள். “எம்மா! மிஸ் ஒன்ன வரச் சொல்லுவாங்க!”

“சொல்லட்டும். நான் வந்து பேசுதேன்.”

கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, கன்னம் உப்ப, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னைக்கு வருத?” என்றாள். நோட்டில் எழுதிக்கொள்ளப் பேனாவையும் திறந்து வைத்துக்கொண்டாள்.