இளஞ்சிவப்பு வேர்

1

இந்தக் கதை ஒரு பிடி வெங்காய நாற்றில் பிறந்தது. (அதற்கும் முன்பே பிறந்துவிட்டது. அதைக் கடைசிவரை தள்ளிப்போடப் பார்க்கிறேன்.) வெங்காயத்துக்குப் பேர்போன மராட்டிய ஊரான நிபாடில் இருபது வருஷமாகத் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கிறவன் நான். இதில் எனக்குப் பாத்திரம் கிடையாது, சொல்கிறவன் மட்டுமே.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மண்ணுக்குள் ஓர் எதிரி பதுங்கியிருந்தான், அவன்...' சகிக்கவில்லை. வேளாண்மைத் துண்டுப்பிரசுரம் மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

2

மந்தாபாயும் பாஸ்கர்ராவும் அடுத்தடுத்த நிலத்து வெங்காயக்காரர்கள். வரப்புத் தகராறில் பதினொரு வருஷமாகப் பேச்சில்லை. ஒருவர் மண்ணை மற்றவர் மிதித்ததுமில்லை. இந்த வருஷம் பாஸ்கர்ராவின் நாற்று முழுக்கப் போய்விட்டது. மனுஷன் வரப்பில் வந்து நின்று, "வஹினி, மிச்ச நாத்து இருந்தா குடுங்க" என்றார்.

வஹினி என்றால் அண்ணி. பதினொரு வருஷம் கழித்து முறை சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்! நாற்று கேட்டு வந்தவரை இந்த ஊரில் யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

மந்தாபாயிடம் நாற்று நிறைய இருந்தது. ஆனால் அத்தனை வேரும் இளஞ்சிவப்பு. மண்ணிலேயே குடியிருக்கும் பூஞ்சையின் வேலை. கொடுத்தால் அவர் நிலமும் வருஷக்கணக்கில் கெடும். மறுத்தால் இன்னொரு பதினொரு வருஷம்.

3

(இங்கே அவளை அழவிட்டிருந்தேன். மந்தாபாயாவது, அழுவதாவது! அதையும் அடித்துவிட்டேன்.)

பதிலுக்கு அவளும் பாவு, அதாவது சகோதரன், என்று முறை சொல்லி, ஒரு நாற்றைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"பாத்துக்கோங்க பாவு. சீக்கு நாத்து. குடுக்கவும் மனசில்ல, இல்லன்னு சொல்லவும் மனசில்ல."

வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்னோடதும் இதே கலர்தான். வெளிய தெரிஞ்சா மானம் போகுமேன்னு வாயத் தொறக்கல."

வரப்பிலேயே உட்கார்ந்து டீ குடித்தார்கள். இரண்டு நிலத்திலும் நாலு வருஷம் வெங்காயத்துக்கு லீவு என்று முடிவாயிற்று. மோட்டார் பார்க்க வந்திருந்த எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. மனசு நிறைந்துபோனது.

4

சுபம் போட்டிருக்கலாம். மந்தாபாய் விட்டால்தானே!

"உங்க காலு இங்க படல, எங்காலு அங்க படல. அப்போ சீக்கு எப்படித் தாண்டுச்சு?"

முடிவு அ: காற்று. (பாஸ்கர்ராவ் உதட்டைப் பிதுக்கினார்.)

முடிவு ஆ: மழைத் தண்ணீர். (வரப்போரம் வாய்க்கால் இருக்கிறது; தண்ணீர் அதில் போய்விடும்.)

முடிவு இ: அந்தப் பக்கம் மோட்டார் பார்த்து, டீ குடித்து, அதே சேற்று பூட்ஸோடு வரப்பைத் தாண்டி, இந்தப் பக்கமும் மோட்டார் பார்த்து, இன்னொரு டீ குடித்த ஒரே ஆள்...

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. இருவரும் என் காலைத்தான் பார்க்கிறார்கள். பதினொரு வருஷம் கழித்துச் சேர்ந்தவர்கள், முதல் காரியமாகச் சேர்ந்து என்னைத் திட்டப் போகிறார்கள். மிச்சத்தை நீங்களே அவர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் அதற்குள் பூட்ஸைக் கழுவிக்கொண்டு வருகிறேன்.