முகக்கவசம் பதித்த கோடுகள்

மூன்று வாரமாக நர்ஸம்மாவின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. தொற்றுநோய் வார்டில் தினமும் எட்டு மணி நேரம் இறுக்கமான முகக்கவசம். மூக்குத்தண்டு கன்றித் தோல் உரிந்திருந்தது. கன்னங்களில் சிவப்புக் கோடு, காதுக்குப் பின்னால் நாடா அறுத்த புண். பேருந்து ஓட்டுநரான கணவர், காலையில் அவளுக்குக் களிம்பு தடவிவிட்டுத்தான் வண்டியெடுக்கப் போவார்.

எந்த வார்டு என்று தெரிந்தால் வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்வாரோ என்று அவளுக்குப் பயம். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று கணவரிடம் சொல்லியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மாலை அவள் படியேறும்போது, கீழ்வீட்டுத் தையல்கார அக்கா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாத. நாலு நாளா உன் புருஷனை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். இனிமே கை நீட்ட மாட்டான்."

"யார் மேலக்கா?"

"மறைக்காத கண்ணு. முகந்தான் சொல்லுதே."

"அவர் என்ன சொன்னாரு?"

"தலையைக் குனிஞ்சுக்கிட்டு 'சரிக்கா, சரிக்கா'ன்னு நிக்கறான்."

கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட அவளைக் கூப்பிடுகிற மனிதர். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வீடு போனால் போகட்டுமென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அக்கா அவள் தலையைத் திருப்பிக் காதுப் புண்ணைப் பார்த்தாள். அளவு நாடாவை எடுத்தாள். அரை மணி நேரத்தில் ஒரு தலைப்பட்டை தயார். இரண்டு பக்கமும் பெரிய பட்டன். "காதுல மாட்டாத, இதுல மாட்டு. மூக்குக்குப் பஞ்சு வச்சுத் தரட்டுமா?"

"வேண்டாங்கா. இடுக்கு விழுந்தா கிருமி உள்ள வந்துடும்."

மேலே போய்க் கணவரைக் கேட்டாள். "நாலு நாளா திட்டு வாங்கினீங்களாமே?"

"நீதானே மூச்சு விடாதேன்ன."

"அதுக்காக?"

"அக்கா நல்லாத்தான் திட்டுறாங்க. எங்க மேனேஜருக்கு இந்த அளவு வராது."

அவள் அவர் தோளில் முகம் புதைத்தாள்; மூக்கு எரிந்ததும் எடுத்துக்கொண்டாள்.

திங்களன்று வார்டில் பட்டையோடு முகக்கவசத்தைப் போட்டு, காற்றுக் கசிகிறதா என்று சோதித்தார்கள். கசியவில்லை. தலைமை நர்ஸ் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை முகத்துக்கு ஓய்வு என்று எழுதி ஒட்டினார். காது பத்து நாளில் ஆறியது. மூக்குக்கு ஒரு மாதம் பிடித்தது. வார்டின் மற்ற பதினாறு நர்ஸ்களுக்கும் அக்கா பட்டை தைத்தாள். பட்டன் தைக்க ஓட்டுநரும் உட்கார்ந்தார். நாலில் இரண்டு கோணல்.

"பிரிச்சுத் தைங்க தம்பி" என்றாள் அக்கா.

"சரிக்கா."