கட்டிக்குப் போட்ட பட்டினி

என் பெண்டாட்டி உமையாள் என்னைப் பட்டினி போட்டாள். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போட்டு, ஒரு பட்டி வெள்ளாடும் வைத்திருப்பவன் நான். வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. அப்படிப்பட்டவன் நீராகாரத்தைக் குடித்துக்கொண்டு கிடந்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

எல்லாம் மதுரை டாக்டர் சொன்ன ஒரு பேச்சால் வந்த வினை. போன வருஷம் என் மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். அப்புறம் கரண்டு வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு. இப்போது எடுத்த ஸ்கேனில் அதே இடத்தில் வெள்ளையாக என்னமோ தெரிந்தது.

"ராக்கப்பன், இது கட்டி திரும்ப வளருதா, இல்ல கரண்டு வச்சதுல வெந்த புண்ணான்னு இதுல பிரிச்சுச் சொல்ல முடியல," என்றார் டாக்டர். "மூளையில எங்க எவ்வளவு ரத்தம் போகுதுன்னு காட்டுற ஸ்கேன் ஒண்ணு இருக்கு. பெர்ஃப்யூஷன்னு பேரு. கட்டின்னா அங்க ரத்தம் நிறையப் பாயும். புண்ணுன்னா பாயாது. அடுத்த மாசம் எடுத்துருவோம்."

ஊர் திரும்பும் பஸ் பார்த்திபனூர் தாண்டியது. உமையாள் வெடுக்கென்று என் கையைப் பிடித்தாள்.

"ரத்தம் ஊறட்டும்னு வாராவாரம் சுவரொட்டி வதக்கிக் குடுத்தேனே. அம்புட்டையும் அந்தச் சனியனுக்கா ஊட்டுனேன்?"

சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். உடம்பில் ரத்தம் குறைந்தவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் மருந்து. "கிறுக்கச்சி மாதிரிப் பேசாத," என்று அதட்டினேன். அவள் காதில் ஏறவில்லை. மறுநாளிலிருந்து கறி இல்லை, ஈரல் இல்லை, முருங்கைக்கீரை இல்லை. அப்புறம் சோறும் இல்லை. ரத்தம் ஊறாவிட்டால் கட்டி காய்ந்து செத்துப்போகுமாம்.

"ஏண்டி, கட்டிக்கு முன்னாடி நான் செத்துருவேண்டி!" என்று கத்தினேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. படம் எடுத்து முடியட்டும், என்ன வேணும்னாலும் ஆக்கித் தாரேன்."

ஊருக்கே கேட்கிற மாதிரித் திட்டினேன். ஆனாலும் எனக்கும் பயம்தான். ஒருநாள் டீக்கடையில் முட்டை போண்டாவைக் கையில் எடுத்தேன். அவள் சொல்வது நிசமாக இருந்து தொலைத்தால்? திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஸ்கேன் அன்றைக்கு என்னைக் குழாய்க்குள் படுக்கவைத்து, கை நரம்பு வழியாக மருந்தை ஒரே அழுத்தாக ஏற்றினார்கள். ஜில்லென்று ஏறியது. மெஷின் தடதடவென்று அடித்தது. மருந்து ரத்தத்தோடு எங்கெல்லாம் போகிறதோ அதைப் படம் பிடிக்கிறார்களாம். கொல்லையில் மேய ஓடுகிற ஆட்டை மறிப்பதுபோல, அங்கே போகாதே, அங்கே மட்டும் போகாதே என்று மனசுக்குள் விரட்டிக்கொண்டே கிடந்தேன்.

சாயங்காலம் டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். மூளை முழுக்க நீலமும் பச்சையும். ஒரு ஓரத்தில் மட்டும் சிவப்பு.

"அங்க ரத்தம் நல்லாப் பாயுது. கட்டிதான் திரும்பியிருக்கு. இன்னொரு ஆபரேஷன் பண்ணணும்."



"நான் குடுத்த சுவரொட்டியாலயா சார்?" என்றாள் உமையாள்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"அப்ப பட்டினி போட்டாக் காயாதா?"

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பட்டினியா? அது பாட்டுக்கு வளரும்மா. இவருக்குத்தான் தெம்பு போகும்."

வராந்தாவுக்கு வந்தவள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதாள். நோய் திரும்பியதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"சோறு சோறுன்னு கேட்டீகளே," என்றாள். "ஒரு வாய் குடுக்கலையே, பாவி நான்."

அவளைத் தூக்கிவிடக் குனிந்தேன். தோளைத் தொட்டால் கையில் எலும்பு தட்டியது. அடி கூறுகெட்டவளே, நான் நீராகாரம் குடித்த நாளெல்லாம் நீயும் அதையேதான் குடித்தாயா?

"எந்திரி உமையா. சாப்பிடப் போவோம்."

"எனக்கு எறங்காது."

"எனக்கு மட்டும் எறங்குமா? பக்கத்துல வந்து உக்காரு. ரெண்டு பேரும் திம்போம்."