ஊருக்குள் வந்த எட்டு

லைசன்ஸ் ஆபீஸ் மைதானத்தில் வெள்ளைப் பெயிண்டால் போட்டிருந்த எட்டு ஒரு திங்கட்கிழமை காலை அங்கே இல்லை. பெருக்க வந்த பெண் வெறும் தரையைப் பார்த்தாள், ஒன்றும் விளங்காமல் அதையும் சேர்த்துப் பெருக்கிவிட்டுப் போனாள். கடைகள் திறப்பதற்குள் எட்டு சந்தை முனையில் ஒரு பேருந்தைப் பிடித்து வைத்திருந்தது. போகிற வண்டிக்கு முன்னால் வந்து அது சாலையில் படுத்துக்கொள்ளும். உள்ளே நுழைந்த வண்டி கோட்டை மிதிக்காமல், நடுவில் நிற்காமல், திரும்பும் பக்கத்துக்கு விளக்குப் போட்டு, கண்ணாடி பார்த்து, ஹாரனைத் தொடாமல் ஒரு முழு எட்டுப் போட்டால் விட்டுவிடும். இல்லையென்றால் எண்ணெய் தீரும்வரை செக்குமாடாகச் சுற்ற வேண்டியதுதான். அதே நேரத்தில் பாலத்தடியிலும் பள்ளிக்கூட வாசலிலும் அது கிடந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. எண்தானே, ஒரே சமயத்தில் பல இடங்களில் இருப்பது அதற்குப் பழக்கம்தான்.

லைசன்ஸ் இல்லாத வீடே அந்த ஊரில் கிடையாது. ஓட்டத் தெரிந்தவர்தான் யாரும் இல்லை என்பது அந்த வாரம் தெரிந்துபோனது. தலைமுறை தலைமுறையாக டாக்ஸி ஓட்டியவர்கள் முதல் வளைவிலேயே கோட்டை மிதித்தார்கள். ஓட்டுநர் பள்ளி முதலாளி, தலைக்கு மேல் தன் பள்ளியின் பலகையைச் சுமந்த காரில், தன்னிடம் படித்தவர்கள் கண்முன்னால் மத்தியானம்வரை சுற்றினார். மறுநாள் அவர் கடைக் கதவு திறக்கவில்லை. எட்டைத் தார் ஊற்றி மூடச்சொல்லி நகரசபை அனுப்பிய தார் லாரியும் அதற்குள்ளேயே போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. ரொம்ப நீளம் என்பதால் தீயணைப்பு வண்டிக்கு மட்டும் அது உடம்பை நீட்டி வளைவை அகலமாக்கிக் கொடுத்தது. கறார்தான், ஆனால் ஓரவஞ்சனை கிடையாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதுபோல எல்லோரும் எட்டின் அளவு தப்பு என்று சொல்லிக்கொண்டு நடந்து வீடு திரும்பினார்கள்.

எட்டு ஏன் கிளம்பியது என்று ஊருக்குத் தெரியாது. ரொட்டிக்காரிக்குத் தெரியும். வேனில் வீடு வீடாக ரொட்டி போடுபவள் அவள். கணவர் லைசன்ஸ் ஆபீஸில் பரீட்சை வைக்கிறவர், ஊர் வாயில் எட்டுக்காரர். அவள் கல்யாணத்துக்கு முன்பே வேறு ஊரில் லைசன்ஸ் எடுத்துவிட்டதால் அவர் கையில் சிக்கவே இல்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கும் மறு கையால் மற்ற எல்லாமும் பார்ப்பாள். ஹாரன்தான் அவளுடைய இன்னொரு வாய். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்திருப்பாள், நெற்றியில் மாவு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க. எட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார். அந்த இடத்தில் வேனின் கால்விரிப்பில் ஓட்டையே விழுந்துவிட்டது. எட்டு காணாமல் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலை, மைதானத்து வாசலில் அவர் கால் மிதிப்பதைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் என் வண்டியில் ஒரு கீறல் உண்டா என்று கேட்டாள். கீறல் எல்லாம் மற்றவர் வண்டியில் இருக்கிறது என்றார் அவர். அவள் வேனை நிறுத்தி, மைதானத்தைப் பார்த்துக் கை நீட்டினாள்.

“உங்க எட்டை ஒரு எட்டு வெளிய வந்து பாக்கச் சொல்லுங்க. ஊரு எப்படி ஓட்டுதுன்னு அதுக்கும் தெரியட்டும்.”

கூப்பிட்டால் வராமல் இருக்க அது என்ன கடன் வாங்கியவனா? வந்துவிட்டது. அவளையும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல ஒரு எட்டுப் போய்விட்டு வருகிறேன் என்று வாசலில் சொல்லிக் கிளம்பியவளைத் தெருக்கோடியிலேயே பிடித்தது. ரொட்டி காய்ந்து கட்டையாகும்வரை சுற்றினாள். அதிலிருந்து தலையில் கூடை வைத்து நடந்துதான் ரொட்டி போட்டாள். கால் வலியை அவள் பெரிதாக நினைக்கவில்லை. மகளைப் பற்றித்தான் கவலை. நிறைமாதமாக வந்திருந்தாள் மகள். மருமகன் கப்பல் வேலையில் கடலில் இருந்தான். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம், நடக்கிற தூரமில்லை. ஊரின் ஆம்புலன்ஸ் சைரனோடு சுற்றிக்கொண்டிருந்தது; ஹாரன் கணக்கில் சைரனும் சேர்ந்துவிட்டது பாவம்.

அந்த வாரக் கடைசியில் ஒரு தையல்காரர் எட்டைத் தாண்டினார். போன மாதம்தான் எட்டுக்காரரிடம் எட்டுப் போட்டு லைசன்ஸ் வாங்கியவர், பயம் இன்னும் தெளியாதவர். ஊரே அவரைச் சுற்றி நின்று ரகசியத்தைக் கேட்டது. அவர் வெட்கப்பட்டு, பார்த்துப் பார்த்துப் போனேன் என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டபின் ஆட்கள் எட்டுக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். அவரும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். உள்ளே நின்ற ரொட்டிக்காரி எல்லாவற்றையும் கேட்டாள், தான் மட்டும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. உலகத்துக்கே வாத்தியாராக இருந்தாலும் புருஷனிடம் போய்ப் பாடம் கேட்பதாவது என்ற வீம்பு. பிரசவத்துக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே என்று வேறு இருந்தாள்.

நாள் இருக்கும்போதே ஒரு முற்பகலில் மகளுக்கு வலி எடுத்தது. வேனில் மாவு மூட்டைகளின் மேல் போர்வை விரித்துப் படுக்க வைத்தார்கள். சின்ன வயதில் மகள் தூங்கிப்போகும் இடம் அதுதான். தெருக்கோடியில் எட்டு வெள்ளை வெளேரென்று படுத்திருந்தது. ரொட்டிக்காரி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். சாவியைக் கணவரிடம் நீட்டி, நீங்களே ஓட்டுங்கள் என்றாள். அவர் அதை வாங்கவில்லை. முகம் சிறுத்துப்போனது.

“எட்டு வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதுக்கு அப்புறம் வர்ற ரோடு எனக்குத் தெரியாது.”

மைதானத்தைத் தாண்டி அவர் ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை என்பது இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. அவர்மேல் பாவமாக இருந்தது, தன்மேல் கோபமாக இருந்தது. பின்னால் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

“ரோட்டை நான் பாத்துக்கறேன், எட்டை நீங்க சொல்லுங்க” என்றாள் ரொட்டிக்காரி.

“நீ எப்பவும் போய்ச் சேர்ற இடத்தைத்தான் பாக்கற. இப்ப இருக்கற இடத்தைப் பாரு. முதல்ல கண்ணாடி.”

கண்ணாடியைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பினாள். அத்தனை வருஷம் தன் நெற்றி மட்டுமே தெரிந்த கண்ணாடியில் மகளின் முகம் வந்து நின்றது, வியர்த்துப்போய், அம்மாவையே பார்த்துக்கொண்டு. பின்னால் ஆள் இருக்கிறது என்பது அவளுக்கு உடம்பு முழுக்க உறைத்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். விளக்குப் போட்டு, நடப்பவர்கள் முந்திப்போகிற வேகத்தில் எட்டுக்குள் நுழைந்தாள். முதல் வளைவில் சக்கரம் கோட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போனது. குறுக்கே ஒரு நாய் வந்தபோது ஹாரனுக்குப் போன கை பாதியிலேயே திரும்பியது. நாய் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தானாக விலகியது. இரண்டாம் வளைவில் ஓரக்கண்ணால் பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். எட்டுக்காரர் இரண்டு காலையும் மேலே தூக்கிச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கல்யாண நாளில்கூட அந்த மனிதர் அவளை இவ்வளவு நம்பியிருக்கமாட்டார். அவளுக்குக் கண் நிறைந்தது, ஆனால் துடைக்கக் கையை எடுக்கவில்லை.

வேன் வளைவை முடித்து வெளியே வந்ததும் எட்டு தன் முடிச்சை அவிழ்த்தது. நூல்கண்டு உருள்வதுபோல வேனுக்கு முன்னால் நேராக நீண்டு, தெரு, சந்தை, பாலம் என்று நடுச் சாலையில் வெள்ளைக் கோடாகப் போய் ஆஸ்பத்திரி வாசலில் முடிந்தது. எண்ணெய் தீரத் தீர ஊற்றிக்கொண்டு இன்னும் சுற்றிய ஆம்புலன்ஸும் தார் லாரியும் தங்கள் எட்டு நேரானதும் ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டன. பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது எட்டுக்காரருக்குத்தான் அழுகை வந்தது. அவள் தன் மாவுக் கையாலேயே அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

எட்டு மைதானத்துக்குத் திரும்பவில்லை. பிறகும் அவ்வப்போது யார் முன்னாலாவது வந்து படுக்கும். ஆட்கள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு எட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். ஓட்டுநர் பள்ளி திறந்தது, முதலாளி முதல் மாணவராகத் தானே சேர்ந்தார். எலும்பு முறிவு வார்டில் படுக்க ஆளில்லாமல் டாக்டர் வாசலில் ரோஜா வளர்த்தார். ரொட்டிக்காரி ஞாயிறுகளில் எட்டுக்காரருக்கு ரோடு சொல்லிக்கொடுத்தாள். இப்போது அந்த இல்லாத பிரேக்கை அவள் மிதித்தாள். மருமகன் கப்பலிலிருந்து வந்த மாதம் எட்டு அவர்கள் வீட்டு முற்றத்தில் வந்து சுருண்டு படுத்திருந்தது. சுவரைப் பிடித்து நின்றிருந்த பேத்தி கையை விட்டுவிட்டு, அந்த வெள்ளைக் கோட்டின் மேல் தன் முதல் எட்டை வைத்தாள். இரண்டாவதும் வைத்தாள், கோட்டை நன்றாக மிதித்தபடி. எட்டு அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ரொட்டிக்காரி பேத்தியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, கூடையைத் தூக்கி வேனில் வைத்து, கண்ணாடியைச் சரிபார்த்தாள்.

“ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்” என்றாள். எட்டும் எழுந்து அவளோடு போனது.