லைன் நல்லாத்தான் இருக்கு

1
இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் கிடைத்தது. திருத்தங்கலில் உள்ள ஒரு பட்டாசுக் கடைக்கு ஆர்டர் சொல்ல அழைத்தேன். எடுத்த பெண்ணின் பேச்சு மூக்கு வழியாக வந்தது. "லைன் சரியில்லையாம்மா?" என்றேன்.

"லைன் நல்லாத்தான் இருக்கு சார். என் பேச்சுதான் இப்பிடி. மெதுவாச் சொல்றேன், கேளுங்க."

அடுத்த வாரம் கடைக்கே போனேன்.

2
முதல் வரி: மாரிசெல்வியின் மேலுதட்டில் ஒரு தழும்பு...

(அடித்துவிட்டேன். எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.)

இன்னொன்று: பாவம், அந்தப் பெண்...

(இதை முடிக்கக்கூட இல்லை.)

நடந்ததையே சொல்கிறேன். போனை எடுத்த மாரிசெல்விக்கு இருபது வயது. பிளந்த உதட்டோடும் அண்ணத்தோடும் பிறந்தவள். குழந்தையிலேயே தைத்து மூடிவிட்டார்கள். ஆனாலும் பேசும்போது காற்று மூக்கில் கசிகிறது; 'ப' வரவேண்டிய இடத்தில் 'ம' வருகிறது. பேச்சுப் பயிற்சிக்கு மதுரை போய்வருகிறாள்.

3
சீசன் சூடுபிடித்ததும் முதலாளி சீனிவாசகம் சொன்னார்: "பேக்கிங்குக்குப் போயிரு தாயி. போன்ல ஆளுக கட் பண்ணிர்றாக."

"கட் பண்ணவுகளுக்கு நானே திரும்பப் போட்டு ஆர்டர் வாங்கியிருக்கேன் அண்ணாச்சி. பக்கத்துல உக்காந்து கேட்டுப் பாருங்க."

கேட்டார். (இங்கே அவர் மனம் மாறியதாக எழுதக் கை துடிக்கிறது. மாறவில்லை. "தீவாளி வரைக்கும் பாப்போம்" என்றார்.)

4
மதுரை மருத்துவமனையில் அவளுக்கு இரண்டு ஆபரேசன் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று மூக்கையும் உதட்டையும் சீராக்க. மற்றது பேச்சு தெளிய. ஒன்று ஆறிய பிறகே அடுத்தது. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் அம்மா பொன்மணிக்கு மூக்குதான் முதலில்.

"மொகத்தப் பாத்துத்தானடி பொண்ணு கேட்டு வருவாக?"

"இந்த மொகம் எனக்குப் பளகிருச்சும்மா. ஒரு சொல்ல மூணு தடவ சொல்றதுதான் பளகல."

பொன்மணி என்னிடம் தனியே சொன்னாள்: "பள்ளிக்கூடத்துல பிள்ளைக என்ன பேரு சொல்லிக் கூப்ட்டுச்சுகன்னு எனக்குல்ல தெரியும்."

(இவளைப் பிடிவாதக்கார அம்மாவாக எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

5
முடிவு ஒன்று: ஆபரேசன் முடிந்து, கணீரென்ற குரலில் அவள்...

(பொய்.)

முடிவு இரண்டு: மாப்பிள்ளை வீட்டார் வந்து...

(வாசித்த மாரிசெல்வி சிரித்தாள். "அவுகள யாரு சார் உள்ள விட்டது?")

நடந்தது இது. எதை முதலில் செய்யலாம் என்று டாக்டர் பொன்மணியைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். பொன்மணி மகள் பக்கம் கையைக் காட்டி, "அவகிட்டயே கேளுங்கய்யா" என்றாளாம்.

மாரிசெல்வி என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. டாக்டர் தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். நீங்களும் அங்கே இருக்கிறீர்கள்.

அவள் வாய் திறக்கிறாள். நடுவில் புகுந்து முடித்துவைக்காமல், கேளுங்கள்.