திரும்பிக் கிடந்த ஏணித் துண்டு

அது ஓக் மரமா, மேப்பிள் மரமா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டெல்மர் ஓக் என்றார். அவருடைய மச்சான் ஹால்வர் மேப்பிள் என்றான். இருவரும் தனித்தனியே சொன்னதைக் கேட்டுத்தான் இதைக் கோத்திருக்கிறேன். இடைவெளிகளில் என் ஊகமும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். டெல்மர் அந்த மரத்திலிருந்து விழுந்தது மட்டும் நிச்சயம்.

ஆகஸ்ட் மாதக் கடைசி. விஸ்கான்சினில் எங்கள் பக்கத்தில் மான் வேட்டைக்காரர்கள் மரங்களில் பரண் மாட்டும் சமயம் அது. பரண் என்றால் ஓர் ஆள் உட்கார அலுமினிய இருக்கை, கால் வைக்க ஒரு தட்டு. அதை முதுகில் சுமந்துபோய் அடிமரத்தோடு நைலான் பட்டை போட்டு இறுக்க வேண்டும். ஏறிப்போக, கை நீளத்துக்கு ஏணித் துண்டுகள் உண்டு. அவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மரத்தோடு பட்டை போட்டு இறுக்க வேண்டும்.

இதையெல்லாம் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் டெல்மர்தான். வேட்டை உரிமம் வாங்க வருகிறவர்களுக்குத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஆண்டுதோறும் வகுப்பு எடுப்பார். கூடத்தின் நடுவே நட்ட கம்பத்தில் தானே ஏறிக் காட்டுவார். மரத்தைச் சுற்றி இடுப்புக் கயிறு போடாமல் ஒரு படிகூட ஏறக் கூடாது. பரணைச் சுமந்துகொண்டு ஏறக் கூடாது. மேலே போன பிறகு கயிறு விட்டு இழுத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் அவர் சொல்லிச் சொல்லி ஊரே கேலி செய்தது. "எங்க மாமா கட்டில்ல ஏறும்போதும் கயிறு கட்டிக்கிட்டுத்தான் ஏறுவாரு, எங்க அக்காவைக் கேளுங்க" என்பான் ஹால்வர்.

ஹால்வர் டெல்மரின் மனைவி சிக்னியின் தம்பி. அவன் கொட்டகைக் கதவு வைக்கோல் கட்டும் சணலில் தொங்கியது. டிரக்கின் பின்கதவைக் கம்பி முறுக்கி மூடியிருந்தான். ஆனால் மரத்து வேலையில் அவன் அப்படியில்லை. அந்த ஆண்டு டெல்மரின் பரணுக்காகத் தன் நிலத்து மரத்தில் ஏணித் துண்டுகளை முந்தின நாள் மாலையே கட்டிவைத்தான். ஒவ்வொன்றையும் இறுக்கி, இரண்டு காலாலும் ஏறிக் குதித்துப் பார்த்தான். அதைப் பார்த்தவர் யாருமில்லை.

மறுநாள் காலை டெல்மர் தனியாகப் பரணைச் சுமந்துகொண்டு போனார். புல்வெளியைத் தாண்டி மரத்தடிக்கு வந்ததும்தான் இழுக்கிற கயிறு டிரக்கிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போவது பெரிய தூரமில்லை. ஆனால் ஹால்வரின் வாசல் வழியாகப் போக வேண்டும். அவன் காப்பிக் குவளையோடு படியில் உட்கார்ந்திருப்பான். "என்ன வாத்தியாரே, பாடத்தை மறந்துட்டீங்களா" என்பான். அந்த வருடம் முழுக்க அதையே எல்லோரிடமும் சொல்வான்.

டெல்மர் திரும்பிப் போகவில்லை. பரணைச் சுமந்தபடியே ஏறினார். இடுப்புக் கயிறு பரணின் தோள் வார்களுக்கு அடியில் சிக்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் சுமையைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். இந்த ஒரு தடவை பரவாயில்லை என்று நினைத்தார். இப்படி நினைக்கிறவர்களைப் பற்றித்தான் அவர் வகுப்பில் பேசுவார்.

உச்சித் துண்டில் நின்று, பரணை இறக்க ஒரு தோளை விடுவித்தார். எடை முழுவதும் மறுபக்கம் சாய்ந்து அவரைப் பின்னுக்கு இழுத்தது. விழும்போது அவர் கை அந்த உச்சித் துண்டையே பிடித்தது. அது மரத்தில் முறுக்கிக்கொண்டு திரும்பியது. பிடி விட்டது.

தொடை எலும்பு முறிந்திருந்தது. போனில் ஹால்வரைத்தான் கூப்பிட்டார். அவன் ஓடி வந்து, பக்கத்தில் மண்டியிட்டு, பிறகு மேலே பார்த்தான். உச்சியில் ஏணித் துண்டு கோணலாகத் திரும்பிக் கிடந்தது.

"மாமா, அதை நான் சரியா இறுக்கலையா?"

டெல்மர் கண்ணை மூடிக்கொண்டார். வலிதான் காரணம் என்று பின்னால் தனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தார். வலி இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்பு அவர் கண் திறந்துதான் இருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவர் உடம்பிலிருந்த பட்டைகளை எல்லாம் வெட்டி எறிந்தார்கள். எது மாட்டியிருந்தது, எது மாட்டவில்லை என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஆஸ்பத்திரியில் சிக்னி தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு எதையாவது ஒழுங்கா கட்டத் தெரியுமாடா? கதவு, டிரக்கு, இப்ப இவரு."

"குதிச்சுப் பார்த்தேன்க்கா. பார்த்த மாதிரிதான் ஞாபகம்."

"மாதிரியா?"

டெல்மர் சன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டெல்மர் வீடு திரும்பிய பிறகு ஹால்வர் தினமும் வந்தான். புல் வெட்டினான். மான்கறி சாசேஜ் கொண்டுவந்து அவனே பொரித்து வைத்தான். டெல்மர் அதைச் சாப்பிட்டார். முன்பெல்லாம் வாய் ஓயாதவன் இப்போது எதிரே உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.  சொல்லிவிடலாம் என்று டெல்மர் ஒவ்வொரு நாளும் நினைத்தார். நாள் கூடக் கூட, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

"எல்லாப் பரணையும் இறக்கிட்டேன் மாமா" என்றான் ஒரு நாள். "அறுவடை மெஷின்ல பெல்ட்டை மாட்டினாக்கூட நாலு தடவை போய்ப் பார்க்கிறேன். மாட்டினேனா இல்லையான்னு எனக்கே தெரியல."

டெல்மர் தலையாட்டினார்.

செப்டம்பரில் வகுப்பு நாள் வந்தது. டெல்மர் ஊன்றுகோலோடு போனார். ஏற முடியாததால், ஓர் இளைஞனைக் கம்பத்தில் ஏற்றி இடுப்புக் கயிற்றை விளக்கினார். "கால் வழுக்கினாலும், படி கழண்டாலும் இது பிடிச்சுக்கும்" என்றார். காப்பி இடைவேளை முடிந்ததும் ஹால்வர் உள்ளே வந்தான். டெல்மர் அவனை அழைக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு அவனே வகுப்பின் முன்னால் வந்து நின்றான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வாத்தியாரு விழுந்தது என்னாலதான். மேல் துண்டை நான் சரியா இறுக்கல. இறுக்கினதாத்தான் நினைச்சேன். அதனால நீங்க நினைக்கிறதை நம்பாதீங்க. திரும்பப் போய்ப் பாருங்க."

 பின்வரிசையில் பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லீன் உட்கார்ந்திருந்தாள். வேட்டைக்குப் புதியவள். அவள் டெல்மரைப் பார்த்துக் கேட்டாள்:

"தப்பா எடுத்துக்காதீங்க. படி திரும்பினா இடுப்புக் கயிறு பிடிச்சிருக்கணுமே? காப்பிக்கு முன்னாடி அதைத்தானே சொன்னீங்க?"

"அவரு கயிறு போடாம ஏறுவாரா?" என்றான் ஹால்வர். "வேற யாரைச் சொன்னாலும் நம்பலாம்மா."

சிலர் சிரித்தார்கள்.  வெளியே ஒரு டிராக்டர் கடந்து போனது. அதன் சத்தம் முழுதும் ஓயும்வரை கூடம் காத்திருந்தது.

"கயிறு போடல" என்றார் டெல்மர். "பரணையும் முதுகிலேயே வச்சுக்கிட்டு ஏறினேன். துண்டு தானா திரும்பல. விழும்போது நான்தான் பிடிச்சுத் திருப்பினேன். இவன் கட்டினது கெட்டியாத்தான் இருந்தது."

ஹால்வர் அவரைப் பார்த்தான். கோபமாகத் தெரியவில்லை. ஒரு கணக்கைத் திரும்பப் போடுகிறவன் முகம் போல இருந்தது.

"ஆஸ்பத்திரியிலேயே தெரியுமா?"

"விழும்போதே தெரியும்."

"சாசேஜ் பொரிச்சுக் கொடுத்தேனே மாமா."

 ஹால்வர் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனான். டார்லீன் எழுந்து, கேட்டது தப்போ என்பதுபோல் நின்றாள். தப்பில்லை என்று டெல்மர் கையால் காட்டினார். அவள் கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாரா என்று நானும் அவரைக் கேட்டதுண்டு. தெரியவில்லை என்றார். அதை நான் நம்புகிறேன்.

அதன்பின் டெல்மர் வகுப்பு எடுக்கவில்லை. கால் எலும்பு கூடிவிட்டது, நடை மட்டும் சற்றுச் சாய்ந்தது. மரத்தில் ஏறுவதை விட்டுவிட்டார். சிக்னி தம்பியிடம் மன்னிப்புக் கேட்டாள். கணவனிடம் அந்தக் குளிர்காலம் முழுதும் தேவைக்கு மேல் பேசவில்லை. ஹால்வர் தன் பரண்களை மறுபடி மாட்டினான், தனியாக. டெல்மரை எங்கு பார்த்தாலும் வணக்கம் சொல்வான். மாமா என்று அழைப்பதில்லை. வகுப்பை இப்போது டார்லீன் எடுக்கிறாள்.