புகைக்கு ஒரு வீடு

கோபால்சாமி நான்காவது முறையாக அடுப்பங்கரையைச் சுற்றி வந்து, கையிலிருந்த மூங்கில் குச்சியைக் கிழக்குச் சுவரில் வைத்துப் பார்த்தான். அங்கே புகைக்குழாய்க்கு ஓட்டை போட முடியாது. சாமி மாடம் அந்தச் சுவரில் இருந்தது; அதன் பக்கத்தில் புகையை விட்டால் அம்மன் படம் கறுத்துப்போகும். மேற்குச் சுவர் மழை அடிக்கிற பக்கம். ஐப்பசிக் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளிவிடும். வடக்கே வாசல். தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று முழம் இடைவெளி, அதையடுத்து அண்ணன் ராஜாக்கண்ணுவின் வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே பொதுவாக நின்ற பலா மரத்தில் யாருக்கு எந்தக் கிளை என்ற சண்டையில் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. பேசாத வீட்டுக்குப் புகையை மட்டும் எப்படி அனுப்புவது?

"வூட்டுக்கு நாலு செவுருதான் இருக்குது. அஞ்சாவதா ஒண்ணு கட்டட்டா?" என்றான்.

"கட்டுங்க. அதுலயும் ஒரு கொற கண்டுபுடிப்பீங்க" என்றாள் அவன் மனைவி நீலாவதி. புது அடுப்பின் மண்ணைச் சாணம் கலந்த தண்ணீர் தொட்டு மெழுகிக்கொண்டிருந்தாள்.

அது எண்பத்து நாலாம் வருஷம். மலைக் கிராமங்களுக்குப் புகையில்லா அடுப்பு போட்டுக் கொடுக்கக் கிராமசேவிகா காந்தா போளூரிலிருந்து வந்துபோனாள். ஊரில் முதல் அடுப்பு நீலாவதிக்கு. ஒன்று, இரண்டு, மூன்று கண் உள்ள அடுப்புகளின் படங்களைக் காந்தா காட்டியபோது கோபால்சாமி யோசிக்காமல் மூன்றைத் தொட்டான்.

"மூணாவதுல இன்னா வேகும்?" என்று கேட்டாள் நீலாவதி.

"சும்மா இருக்கட்டுமே. கவர்மெண்டு குடுக்குதில்ல?"

நீலாவதி அப்படி அவசரப்படவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்கப் பழைய மூன்று கல்லின் முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். களிக்கு ஒரு கண், குழம்புக்கு ஒரு கண், அது போதும். ஆனால் நின்று சமைக்கிற உயரம் வேண்டாம். களி கிண்டும்போது கவைக்கோலால் பானையை அழுத்திப் பிடித்து, உடம்பின் பலத்தையெல்லாம் துடுப்பில் இறக்க வேண்டும். அடுப்பு தரையோடு இருந்தால்தான் அது முடியும். காந்தா தன் படத்தையும் நீலாவதியின் தோளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உயரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள்.

இவ்வளவு யோசித்ததற்குக் காரணம் நீலாவதியின் கண்கள். முப்பத்திரண்டு வயதில் அவை எப்போதும் சிவந்து நீர் வடித்தன. போன ஆடியில் காளியம்மன் கோயிலில் எல்லாரும் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டபோது அவளுக்கு மட்டும் விளக்கு இரண்டாகத் தெரிந்தது. அம்மனும் இரண்டாகத் தெரிந்தாள். எது நிஜம் என்று தெரியாததால் இருவரையும் கும்பிட்டுவிட்டு வந்தாள். "புகையை விட்டாத் தப்பிக்கலாம்மா. இல்லன்னா நான் பொறுப்பில்ல" என்று கண் முகாமுக்கு வந்த டாக்டர் சொல்லியிருந்தார். புகையை விடுவதென்றால் சோற்றை விடுவது என்றுதான் அதுவரை அவள் நினைத்திருந்தாள்.

கோபால்சாமிக்கும் மனைவியின் கண் மேல் அக்கறை உண்டு. ஆனால் அடுப்புக்கு நேர்மேலே பரணில் அடுத்த வருஷம் இருந்தது: மொச்சை விதை, துவரை விதை, கட்டித் தொங்கவிட்ட சோளக் கதிர். வருஷம் முழுக்கப் புகை பட்டுக் கறுத்தால்தான் அவற்றில் வண்டு விழாது. புகையில்லா அடுப்பின் கீழே விதை எப்படிப் பிழைக்கும்? இதைக் காந்தாவிடம் கேட்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. மனைவியிடம் கேட்கப் பயமாக இருந்தது. ஆகவே யாரிடமும் கேட்கவில்லை. சுவர் எதுவும் வேண்டாம், கூரை வழியாகவே விடலாம் என்று சொல்லிவிட்டு, நீலாவதி தண்ணீருக்குப் போன நேரத்தில், காந்தா விட்டுப்போன சுட்ட மண் குழாய்களைத் தானே பொருத்தினான். குழாய் கூரைவரை ஒழுங்காகப் போனதுபோல் கீழேயிருந்து தெரியும். மேலே பரண் மூங்கிலுக்குப் பின்னால் அது சத்தமில்லாமல் திரும்பி, மொச்சை மூட்டையின் பக்கம் வாயைத் திறந்து நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் அடுப்பு மூட்டினார்கள். புது அடுப்பின் முதல் நெருப்பைத் தீக்குச்சி கிழித்து உண்டாக்கக் கூடாது, எரிகிற இன்னொரு அடுப்பிலிருந்துதான் வாங்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். எவ்வளவு பகை இருந்தாலும் கேட்டவருக்கு நெருப்பு இல்லையென்று சொல்லக் கூடாது என்பதும் வழக்கம். நீலாவதி ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அண்ணன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அண்ணன் குடகுக்குக் காப்பி பறிக்கப் போயிருந்தார். அவர் மனைவி அம்மாக்கண்ணு மட்டும் இருந்தாள். அவள் வெளியே வந்து, ஓட்டைப் பார்த்து, நீலாவதியைப் பார்க்காமல், உள்ளே போய் இரண்டு தணல் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்சம் நின்றாள். மறுபடி உள்ளே போய் நல்ல பெரிய தணலாக இன்னொன்றைக் கொண்டுவந்து போட்டாள்.

நீலாவதி அம்மனை நினைத்துக்கொண்டு சுள்ளியை வைத்து ஊதினாள். அடுப்பிலிருந்து ஒரு துளிப் புகை வெளியே வரவில்லை. கண்ணை அகலத் திறந்து பார்த்தாள். "அம்மா தாயே!" என்றாள்.

தாயே என்று முடிப்பதற்குள் பரணிலிருந்து புகை கொட்டியது. பழைய மூன்று கல் ஒரு மாதத்தில் விடுகிற புகையை இந்தக் குழாய் சேர்த்துவைத்து விட்டதுபோல் இருந்தது. நீலாவதி இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கோபால்சாமி ஏணியில் பாதிவரை ஏறி, மேலே போகவும் இறங்கவும் தெரியாமல் நின்றான். கூரையின் எல்லாப் பக்கமும் புகை கசிவதைப் பார்த்த அம்மாக்கண்ணு, "ஐயோ, வூடு பத்திக்கிச்சே!" என்று கத்திக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு உள்ளே பாய்ந்து, புது அடுப்பிலும் ஏணியிலிருந்த கோபால்சாமியின் கால்களிலும் சரியாகப் பாதிப் பாதி ஊற்றினாள்.

புகை அடங்கியதும் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு அம்மாக்கண்ணுவுடையதாக இருந்தது.

"இன்னா கோபாலு, இதுதான் பொகையில்லா அடுப்பா?"

கோபால்சாமி ஈரக் காலைப் பார்த்தான்.

"வெதைக்கோசரம் கொழாயத் திருப்பி வெச்சேன் அண்ணி" என்றான் மெதுவாக.

நீலாவதியின் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அது புகையால் வந்ததா என்று அவன் கேட்கவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. எனக்கு மட்டும் மொச்ச வேணாமா?" என்றாள் கடைசியில்.

அம்மாக்கண்ணு முந்தானையால் நீலாவதியின் முகத்தைத் துடைத்தாள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் துடைத்தாள். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்:

"ஒண்டிக்கட்டைக்கு ஒரு வேள அடுப்பு எரிஞ்சாப் பெருசு. எம் பரணுல பொகையே இல்ல. மொச்சையில பாதி வண்டு தின்னுட்டுச்சு. இங்க இன்னாடான்னா, வேணாம் வேணாம்னு பொகையத் தொரத்துறீங்க."

கோபால்சாமி தெற்குச் சுவரைப் பார்த்தான். நீலாவதியும் பார்த்தாள்.

"அக்கா, மூணு மொழம்தான் இருக்கும்" என்றாள் நீலாவதி.

சில வேண்டுதல்களை அம்மன் பக்கத்து வீட்டின் வழியாகத்தான் நிறைவேற்றித் தருவாள் போலிருக்கிறது. அன்றே தெற்குச் சுவரில் ஓட்டை விழுந்தது. குழாய் இடைவெளியைத் தாண்டி, அம்மாக்கண்ணு வீட்டுக் கூரைக்குக் கீழே நுழைந்து, அவள் பரணில் போய் நின்றது. பொறி பறக்காமலிருக்க அதன் வாயில் துளை போட்ட பழைய சட்டி ஒன்றைக் கவிழ்த்தார்கள். கோபால்சாமியின் விதை மூட்டைகளும் அங்கேயே குடிபோயின. சண்டை தீர்ந்ததா என்று யாரும் பேசவில்லை. பலா மரம் அங்கேயேதான் இருந்தது. ஆனால் சாயங்காலத்தில் தன் பானையில் பாதி அரிசியோடு அம்மாக்கண்ணு இந்த வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். இரண்டாவது கண் சும்மாதானே எரிகிறது என்றாள்.

அடுத்த முறை வந்த காந்தா, சுவரிலிருந்து சுவருக்குப் போகும் குழாயின் கீழே வெகுநேரம் நின்றாள். அவள் கையிலிருந்த படிவத்தில் 'புகை வீட்டை விட்டு வெளியேறுகிறதா?' என்று ஒரு கேள்வி இருந்தது.

"வெளியேறுதுங்க" என்றான் கோபால்சாமி.

"எங்க போவுது?"

"எங்க அண்ணி வூட்டுக்குங்க. அவங்கதான் கேட்டாங்க."

காந்தா நீலாவதியின் கண்களைப் பார்த்தாள். சிவப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. எங்கே போகிறது என்று படிவம் கேட்கவில்லை. 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பங்குனியில் ஒரு சாயங்காலம் ராஜாக்கண்ணு தலையில் தகரப் பெட்டியோடு மலைப்பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தார். வருகிற நாளை யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. கடைசி வளைவில் ஊர் தெரிந்தது. தன் வீட்டுக் கூரையிலிருந்து புகை தாராளமாக எழும்பிக்கொண்டிருந்தது. நாம் வருவது இவளுக்கு எப்படித் தெரிந்தது? அவருக்குச் சிரிப்பு வந்தது, பசியும் வந்தது. மீதித் தூரத்தைக் கிட்டத்தட்ட ஓடியே கடந்தார்.

உள்ளே யாரும் இல்லை. அடுப்பில் பூனை ஒன்று சாம்பலில் சுருண்டு படுத்திருந்தது. தலைக்கு மேலே பரணில் ஓட்டைச் சட்டி ஒன்று நிதானமாகப் புகைவிட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் அவர் மூட்டைகளோடு, அவருடையதல்லாத மூட்டைகள். சுவருக்கு அப்பாலிருந்து களி கிண்டுகிற சத்தம் வந்தது. கூடவே இரண்டு பெண்களின் சிரிப்பு. அதில் ஒன்று அவருக்குத் தெரிந்த சிரிப்பு.

பெட்டியை இறக்க மறந்து, குழாய் வந்த திசையைப் பார்த்து வெளியே போய், இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்த மூன்று முழ இடத்தில் நின்றார். ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை உயர்த்திக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. கையை எடுக்கவில்லை.